கண்டியூசிவ், ஃபேவரபிள்: பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், 'வெதர் இஸ் நாட் கண்டியூசிவ்' என்று பேப்பரில் படித்தேன். அகராதியில் 'சாதகமான' என்று இருக்கிறது. ஃபேவரபிளுக்கும் அதேதானே போட்டிருக்கிறார்கள்? அப்புறம், ஓசூர் குளிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை 'கண்டியூசிவ் டு மீ' என்று சொல்லலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சொல்லக்கூடாது. கண்டியூசிவ் டு என்றால் அதற்குப் பின்னால் ஆள் வராது, நடக்கப்போகும் காரியம்தான் வரும். உங்களுக்கு ஒத்துக்கொண்டால் 'சூட்ஸ் மீ'. ரோஜா சாகுபடிக்கு ஏற்ற குளிர் என்றால் 'கண்டியூசிவ் டு ரோஸ் கல்டிவேஷன்'.

இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. கொண்டூகெரே என்றால் ஒன்றாக அழைத்துப் போவது. நம் பஸ் கண்டக்டருக்கும் அதே வேர்தான். அதனால், ஒரு சூழ்நிலை எதில் கொண்டுபோய் விடும் என்பதுதான் கண்டியூசிவ். (நம் 'கொண்டு'வும் அந்தக் 'கொண்டூ'வும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல், சொந்தமெல்லாம் இல்லை. ஆனால் மனதில் நிற்கும்.)

இப்போது ஃபேவரபிள் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். நம் தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், புழு வளர்ப்பு மனையில் 24 முதல் 28 டிகிரி வரை வெப்பம், 70 முதல் 85 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும். வெயில் காலத்தில் கோணிப்பையை நனைத்துத் தொங்கவிடுவதும் அதற்காகத்தான். இந்த அளவு 'கண்டியூசிவ் டு சில்க்வார்ம் ரியரிங்'. இங்கே ஃபேவரபிள் போட்டாலும் பொருந்தும். ஆனால் அடைமழையில் குளிர்ந்துபோய், ஈரம் 90-ஐத் தாண்டினால் சுண்ணாம்புக்கட்டு நோய் வரும். புழு செத்து, வெள்ளைப் பூஞ்சணம் மூடி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்துக் கிடக்கும். அந்த ஈரத்தையும் 'கண்டியூசிவ் டு த டிசீஸ்' என்றே எழுதுவார்கள். விவசாயிக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல் சரி. நல்லது கெட்டதை அது பார்ப்பதில்லை. அதே மழையை வெறுமனே 'ஃபேவரபிள் வெதர்' என்றால், மனையில் நிற்கிறவர் சண்டைக்கு வருவார்.

இலக்கணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 'டு'வைப் பார்த்ததும் 'டு கோ, டு ஈட்' மாதிரி வினைச்சொல்லைப் போடத் தோன்றும். 'கண்டியூசிவ் டு லேர்ன்' தப்பு, 'டு லேர்னிங்' சரி. உடனே கேட்பீர்கள், 'கண்டியூசிவ் டு ஸ்டடி' என்று புத்தகத்திலேயே இருக்கிறதே என்று. ஸ்டடி பெயர்ச்சொல்லாகவும் வரும், ஸ்லீப்பும் அப்படித்தான். அதனால் தப்பித்தது. போட்டித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

'கண்டியூசிவ் ஃபார்' என்றும் நம் ஊரில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். புரியும்தான். ஆனால் பரீட்சையில் 'டு' போடுங்கள், வம்பு வேண்டாம். பின்னால் எதுவும் சேர்க்காமல் 'கண்டியூசிவ் அட்மாஸ்ஃபியர்' என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. எதற்கு ஏற்றது என்பது முன்பே தெரிந்திருந்தால் அது போதும்.

அப்புறம், முகூர்த்த நாளுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஆஸ்பிஷஸ் என்று தனிச்சொல் இருக்கிறது. அதை யாராவது கேளுங்கள், இன்னொரு வீடியோவில் பார்ப்போம்.