87 பேர் கிளம்பிய ஊர்

(மாதாந்திர வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

பிரான்ஸ் நாட்டு ஒயின் என்று அழைப்பிதழில் பார்த்ததும் போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் போன்ற பெரிய பெயர்களை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நான் பேச வந்தது லாங்டோக் பற்றி. நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி, நீம் நகரத்திலிருந்து ஸ்பெயின் எல்லையை நெருங்கும் மலைகள் வரை கிடக்கிற நிலம் அது. பிரான்சின் கூலித் தொழிலாளி வீட்டு மேசைக்குப் போன மலிவான ஒயின் பெரும்பாலும் இங்கே விளைந்தது. ஊருக்கே ஊற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள், பேர் வாங்கியவர்கள் வேறு.

அந்தப் பெயரே ஒரு மொழியின் பெயர். 'லாங்' என்றால் மொழி, 'ஓக்' என்றால் 'ஆம்'. வடக்கே பாரிஸ் பக்கம் 'ஆம்' என்பதற்கு 'ஓய்ல்' என்றார்கள். அது தேய்ந்து இன்றைய 'உய்' ஆனது. தெற்கே 'ஓக்'. ஆமாம் போடுவது எப்படி என்பதை வைத்தே ஒரு சீமைக்குப் பெயர் விழுந்துவிட்டது! அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்த காலமும் இருந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

கி.மு. 118இல் ரோமானியர்கள் அங்கே நார்பொன் நகரத்தை அமைத்தார்கள். திராட்சையும் அந்தக் காலத்திலேயே வேர்பிடித்துவிட்டது. அப்புறம் மடாலயங்கள் வந்தன, மொன்பெலியே நகரத்தின் புகழ்பெற்ற மருத்துவப் பள்ளி வந்தது. நொதிக்கிற சாற்றில் நடுவிலேயே சாராயத்தைச் சேர்த்தால் நொதிப்பு நின்று, பழத்தின் இனிப்பு அப்படியே தங்கிவிடும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பாடம் சொன்ன ஆர்னோ என்ற மருத்துவரின் பெயரோடு இந்த முறையைச் சேர்த்துச் சொல்வார்கள். கடலோர ஃபிரோந்தினியானில் மஸ்கட் திராட்சையிலிருந்து இன்றும் இப்படித்தான் இனிப்பு ஒயின் எடுக்கிறார்கள்.

இந்த மஸ்கட் நமக்குத் தூரத்துச் சொந்தம். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு வளர்க்கிறோமே பன்னீர் திராட்சை, அதன் உலகப் பெயர் ஹாம்பர்க் மஸ்கட். மரபணு பார்த்து உறவுமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். அந்த அலெக்சாண்டிரியாவின் பெற்றோரில் ஒன்று, ஃபிரோந்தினியானில் காய்க்கிற அதே சிறுமணி மஸ்கட். தேனியில் பழம் வாங்கும்போது மூக்கில் ஏறுகிற வாசனை, இரண்டு தலைமுறை தாண்டி வந்த வாசனை.

சரி, கதைக்கு வருவோம். நல்ல ஒயின் இருந்தாலும் கொண்டுபோய் விற்க வழி வேண்டுமே. பெசியே ஊர்க்காரர் ரிக்கே, சொந்தப் பணத்தையும் கொட்டி, துலூஸ் நகரத்திலிருந்து கடலோர ஏரி வரை 240 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார். 1681இல் அது திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார். ஆனால் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1850களில் தெற்கு பாரிசோடு இணைந்ததும், தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் எவ்வளவு வந்தாலும் குடித்துத் தீர்த்தார்கள். மலைச்சரிவில் கல்லுக்கு நடுவே நின்ற கொடி சமவெளிக்கு இறங்கியது. கோதுமை விளைந்த வண்டல் மண்ணில் அராமோன் என்ற ரகத்தை நட்டார்கள். கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும் ரகம் அது, சாறோ தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடக்கும்.

வெளிறிய ஒயினுக்கு நிறம் வேண்டும். அதற்காகவே பூஷே குடும்பத்தில் அப்பாவும் மகனும் ரகங்களைக் கலந்து கலந்து, கடைசியில் அலிகாந்த் பூஷே என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். எந்தக் கறுப்புத் திராட்சையையும் பிதுக்கிப் பாருங்கள்: தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறிய பச்சை. இந்தப் பழத்தைப் பிதுக்கினால் உள்ளேயும் ரத்தச் சிவப்பு. நான் அங்கே ஒரு தோட்டத்தில் பிதுக்கிப் பார்த்தேன். கோவைப் பழத்தை நசுக்கியதுபோல விரல் இடுக்கெல்லாம் சிவந்தது, சோப்புப் போட்டும் சாயங்காலம்வரை போகவில்லை.

இப்படி ஊரே செழித்திருந்த நேரத்தில்தான் கொடிகள் காயத் தொடங்கின. 1860களின் நடுவில், ரோன் ஆற்றங்கரை ஊர்களில் முதலில் தெரிந்தது. இலை மஞ்சளாகும், அடுத்த வருடம் காய் சிறுக்கும், அதற்கடுத்த வருடம் கொடி விறகு. காரணம் யாருக்கும் புரியவில்லை. 1868 ஜூலையில் மொன்பெலியே தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன் இரண்டு பேரோடு ஆற்றின் அந்தக் கரைக்குப் போய், சேன் ரெமி ஊர்ப்பக்கம் பட்ட கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் அழுகிக் கிடந்தது, பூச்சி ஒன்றுமில்லை. பிறகு பக்கத்தில் நன்றாக நின்ற கொடியைப் பிடுங்கினார்கள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் வேர் முழுக்க மஞ்சள் பொடி தூவியதுபோல அசுவினி மாதிரிப் பூச்சிகள், வாயை வேரில் குத்திச் சாறு குடித்துக்கொண்டிருந்தன. செத்த கொடியில் உறிஞ்ச ஒன்றுமில்லை, அதனால் உயிருள்ள அடுத்த கொடிக்கு நகர்ந்துவிட்டிருக்கின்றன. இத்தனை காலம் எல்லோரும் பட்ட கொடியையே தோண்டிக்கொண்டிருந்தார்கள்!

அதுதான் ஃபிலாக்சரா. ஆசைக்காக அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கொடிகளோடு கப்பலேறி வந்த பூச்சி. 1875இல் பிரான்ஸ் முழுக்க 840 கோடி லிட்டர் ஒயின் எடுத்தார்கள். 1889இல் அது சுமார் 230 கோடி லிட்டர். அரசாங்கம் 3 லட்சம் ஃபிராங்க் பரிசு அறிவித்தது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தோட்டத்தைத் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள், இரும்புக் குழாயால் மண்ணுக்குள் நச்சு மருந்தைச் செலுத்தினார்கள். கடற்கரை மணலில் இந்தப் பூச்சியால் ஊர்ந்துபோக முடியாது என்று தெரிந்ததும், எய்க்மோர்த் பக்கம் வெறும் மணல்மேட்டை வாங்கி நட்டவர்களும் உண்டு.

கடைசியில் மருந்து கிடைத்தது நோய் வந்த திசையிலிருந்தே. அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேர் பூச்சி கடித்தாலும் தாங்கும். கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி: ஒட்டுக்கட்டு. பிளான்ஷோன் 1873இல் அமெரிக்காவுக்கே போய்ப் பார்த்துவந்தார். ஒட்டு மாங்கன்று வைத்த யாருக்கும் இது புதிதில்லை. ஆனால் லட்சக்கணக்கான ஏக்கரில், ஒவ்வொரு கொடிக்கும் கத்தியால் சாய்வாக வெட்டி, நாக்கு மாதிரி கீறி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நாரால் கட்டி மண்ணை அணைத்தார்கள். ஆணும் பெண்ணுமாக ராத்திரி வகுப்புகளில் ஒட்டுக்கட்டப் பழகினார்கள். இன்றைக்கும் அங்கே எந்தக் கொடியருகே குனிந்தாலும், தரைக்குச் சற்று மேலே முழங்கால் மூட்டு மாதிரி ஒரு புடைப்பு கையில் தட்டுப்படும். இரண்டு கண்டங்கள் சேர்ந்த இடம் அது.

மொன்பெலியே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னப் பூங்காவில் பிளான்ஷோனுக்குச் சிலை இருக்கிறது. சிலைக்குக் கீழே ஒரு விவசாயி திராட்சைக் கொத்தை நீட்டுகிறார். ஒரு தாவரவியல் வாத்தியாருக்கு விவசாயிகள் வைத்த மரியாதை. எனக்கு அந்தச் சிலை ரொம்பப் பிடிக்கும்.

தோட்டம் பட்டுப்போன வருடங்களில் குடிக்கிறவர்கள் குடியை விட்டுவிடவில்லை. வியாபாரிகள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து ஒயின் செய்தார்கள். பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து மறுபடி நொதிக்க வைத்தார்கள். கடல் தாண்டி அல்ஜீரியாவில் புதுத் தோட்டங்கள் பெருகின. 1890களில் தெற்கே ஒட்டுக்கொடிகள் காய்க்கத் தொடங்கியபோது சந்தை ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. புதிய திராட்சையில் எடுத்தது மட்டுமே ஒயின் என்று 1889லேயே சட்டம் இருந்தது, ஆனால் பார்த்துப் பிடிக்க ஆளில்லை. போதாததற்கு 1903இல் சர்க்கரை வரியைக் குறைத்தார்கள். வடக்கே பீட்ரூட் சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு லாபம். தெற்கே ஒயின் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போனது. நேர்மையாகச் சொல்வதென்றால் போலிச் சரக்கு மட்டும் காரணமில்லை, அராமோனை அளவில்லாமல் நட்டதும் காரணம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது அந்தக் கணக்கை யார் போடுவார்கள்?

1907 மார்ச் 11. ஆர்ஜெலியே என்ற சின்ன ஊரில், காபிக்கடை வைத்துக்கொண்டு கொஞ்சம் திராட்சையும் பார்த்துவந்த மார்சலான் ஆல்பேர் என்பவர் முன்னால் நடக்க, 87 பேர் கிளம்பினார்கள். நார்பொனுக்கு வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் குறையைச் சொல்வதற்காக. அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு ஊரில் கூடினார்கள். மே 5 நார்பொனில் சுமார் 80,000 பேர். அடுத்த வாரம் பெசியேயில் ஒன்றரை லட்சம். பெர்ப்பினியான், கார்கசோன், நீம் என்று கூட்டம் வீங்கிக்கொண்டே போய், ஜூன் 9 அன்று மொன்பெலியேயில் 5 லட்சத்துக்குக் குறையாத கூட்டம். அந்த நகரத்தின் மக்கள்தொகை அப்போது ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. முதலாளியும் கூலியாளும், சோஷலிஸ்டும் மன்னராட்சி விசுவாசியும் ஒரே வரிசையில் நடந்தார்கள். தங்க இடமில்லாதவர்களுக்கு ஆயர் கோயில் கதவுகளைத் திறந்துவிட்டார்.

முன்னே சொன்னேனே, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கித் தந்த மொழி? மேடையில் அந்த ஓக் மொழிதான் முழங்கியது, பதாகைகளில் அந்த மொழிதான் எழுதியிருந்தது. அவர்கள் மானியம் கேட்கவில்லை. திராட்சையில் எடுத்ததை மட்டும் ஒயின் என்று சொல்லுங்கள், சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள் என்றார்கள். ஒரு சொல்லின் பொருளைக் காக்க 5 லட்சம் விவசாயிகள் தெருவில் நின்றார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

நார்பொன் மேயர் ஃபெரூல், தொழிலால் டாக்டர். நகர மன்றத்தில் கறுப்புக்கொடி ஏற்றிவிட்டுப் பதவியைத் தூக்கி எறிந்தார். நூற்றுக்கணக்கான ஊர் நிர்வாகங்கள் பின்தொடர்ந்தன. பிரதமர் கிளெமான்சோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19 விடியலில் ஃபெரூல் கைது. அன்றும் மறுநாளும் நார்பொன் தெருவில் துப்பாக்கிச் சூடு. செத்தவர்களில் ஒருத்தி, சந்தைக்கு வந்திருந்த 20 வயதுப் பெண்.

17ஆம் காலாட்படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே மண்ணின் பிள்ளைகள். அதனாலேயே அவர்களைப் பெசியேயிலிருந்து ஆக்ட் என்ற ஊருக்கு மாற்றியிருந்தார்கள். நார்பொன் செய்தி எட்டியதும் ஏறக்குறைய 500 சிப்பாய்கள் ஆயுதக் கிடங்கை உடைத்துத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பெசியேவுக்கு நடந்தார்கள். ஊரின் நடுவே, கால்வாய் வெட்டிய ரிக்கேயின் பெயர் கொண்ட மரநிழல் சாலையில் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் ரொட்டியும் ஒயினும் கொண்டுவந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து முகாமுக்குத் திரும்பினார்கள். தண்டனையாக அவர்களைத் துனீசியாவின் காஃப்சாவுக்கு அனுப்பினார்கள்.

மார்சலான் ஆல்பேரின் முடிவுதான் மனதை அறுக்கிறது. கைதுக்குத் தப்பித் தன் ஊர் மணிக்கூண்டில் ஒளிந்திருந்தவர், பாரிசுக்குப் போய்ப் பிரதமரையே சந்தித்தார். கிளெமான்சோ முன்னால் அழுதுவிட்டார். பிரதமர் திரும்பிப்போக ரயில் செலவுக்கு 100 ஃபிராங்க் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். கிளெமான்சோ அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். மறுநாளிலிருந்து 'மீட்பர்' என்று கொண்டாடிய சனமே விலைபோனவர் என்று திட்டியது. 1921இல் வறுமையில் இறந்தார். கையில் காசில்லாத ஒரு மனிதர் ஊர் திரும்ப வாங்கிய கடன் அது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

1907 ஜூன் 29 அன்று சட்டம் வந்தது. சர்க்கரைக்குக் கூடுதல் வரி. ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு விளைந்தது என்று ஊர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விளைந்ததைவிட அதிகம் விற்றால் மாட்டிக்கொள்வார்கள். பிறகு 1935இல், ஊரின் பெயரைக் காக்கும் சட்டம் பிரான்சில் வந்தது. மறுவருடமே ஃபிரோந்தினியான் மஸ்கட்டுக்கு அந்த உரிமை கிடைத்தது. அந்த யோசனை உலகமெல்லாம் பரவி, புவிசார் குறியீடாக 2023இல் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று அங்கே எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். அராமோன் ஏறக்குறையப் போய்விட்டது. சிரா, கிரெனாஷ், மூர்வெத்ர் என்று நல்ல ரகங்கள் வந்தன, கொர்பியேர், மினர்வுவா, ஃபோஜேர் ஒயின்களுக்கு மதிப்பு கூடியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் குடிப்பதே குறைந்துவிட்டது. கொடியை வேரோடு எடுத்தால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசாங்கமே சமீபத்தில் கொடுத்தது. வெயில் வேறு. 2019 ஜூன் 28 அன்று மொன்பெலியேவுக்கு அருகில் வெரார்க் ஊரில் 46 டிகிரி. பல தோட்டங்களில் கொடியில் இருந்த காய் அன்று ஒரே பகலில் கருகியது.

ஒரு காலத்தில் மட்டம் என்று பணம் கொடுத்துப் பிடுங்கச் சொன்ன காரிஞான் ரகத்தை இப்போது தேடுகிறார்கள். நூறு வயதுக் கொடிகள், பந்தல் கிடையாது, இடுப்பளவு உயரத்தில் முறுக்கிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். மகசூல் குறைவு, ஆனால் வேர் பாறைக்குள் இறங்கியிருப்பதால் வறட்சியில் மற்றவை வாடும்போதும் தாக்குப்பிடிக்கும். ஜனவரிக் குளிர் காற்றில் அவற்றுக்குக் கவாத்து செய்வதைப் பார்த்தேன். ஒவ்வொரு கொடிக்கும் முன்னால் ஒருவர் குனிந்து, எந்தக் கிளையை விடலாம் என்று ஒரு கணம் யோசித்து, வெட்டிவிட்டு அடுத்த கொடிக்குப் போகிறார்.

இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் அதே ஆள் உட்கார்ந்து, எந்த நிலத்தில் எந்த ரகம், எத்தனை லிட்டர் என்று வருடாந்திரக் கணக்கை எழுதி அனுப்புவார். இப்போது கணினியில் அனுப்புகிறார்கள். ஆர்ஜெலியேயில் கொடி வைத்திருப்பவர்களும் அனுப்பத்தான் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது, கேள்விகள் இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசலாம். வணக்கம்.