சிகிச்சைக்கு நடுவே ஒரு சோதனைச் சாவடி

நண்பர்களே, வணக்கம்.

இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில் உள்ள பாலஸ்தீன நகரம் ரமல்லா. அங்கிருந்து கிழக்கு ஜெருசலேமுக்குத் தூரம் அதிகமில்லை, பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் இஸ்ரேலின் கலந்தியா சோதனைச் சாவடி. மேற்குக் கரை ஆம்புலன்ஸைப் பெரும்பாலும் அதற்கு மேல் விடுவதில்லை. ஜெருசலேம் பதிவெண் உள்ள இன்னொரு வண்டி எதிர்ப்பக்கம் வந்து, இரண்டும் பின்கதவோடு பின்கதவு சேர நிற்கும். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியை ஒரு ஸ்ட்ரெச்சரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி மாற்றுவார்கள். சிப்பாய் வந்து காகிதத்தைப் பார்ப்பார். மாரடைப்பு வந்தவருக்கு அந்த நிமிடங்களின் விலை என்ன என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

காசாவில் நிலைமை இன்னும் கொடுமை. அங்கே கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது; 2023 அக்டோபர் வரை ஜெருசலேமின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனைக்குத்தான் போகவேண்டியிருந்தது. டாக்டரின் பரிந்துரை, செலவை ஏற்கும் கடிதம், மருத்துவமனை கொடுத்த தேதி எல்லாம் கையில் இருந்தாலும் இஸ்ரேலின் அனுமதி வரவேண்டியிருந்தது. 2012இல் விண்ணப்பித்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அது கிடைத்தது. 2017இல் 54 சதவீதம்தான். அந்த ஓராண்டில், அனுமதி மறுக்கப்பட்டோ தாமதமாகியோ இறந்தவர்கள் 54 பேர். அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள். பலருக்கு ‘முடியாது’ என்ற பதில்கூட வராது. பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். கொடுத்த தேதி கடந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து அலையவேண்டும். தாய் தகப்பனுக்கு அனுமதி இல்லாமல், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சிகிச்சைக்குப் போன குழந்தைகள் உண்டு.

ஆக்கிரமித்த நாடுதான் அந்த மண்ணின் மருத்துவமனைகளும் மருத்துவச் சேவைகளும் நடக்க வழிசெய்ய வேண்டும். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 56ஆம் பிரிவில், இதைக் கடமையாகவே வைக்கிறது.

அந்தக் கடமையை இஸ்ரேலுக்கு உள்ளிருந்தே கேட்டவர்களும் இருக்கிறார்கள். முதல் இன்டிஃபாடா, அதாவது ஆக்கிரமிப்பை எதிர்த்த பாலஸ்தீன மக்களின் எழுச்சி, நடந்த 1988இல், ருஹாமா மார்ட்டன் என்ற மனநல மருத்துவர் ‘மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் - இஸ்ரேல்’ அமைப்பைத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் இவர்களுடைய நடமாடும் மருத்துவமனை மேற்குக் கரை கிராமங்களுக்குப் போகும். நான் இவர்களை மதிப்பது மருந்து கொடுப்பதற்காக மட்டுமல்ல. மருந்தை மட்டும் கொடுத்துத் திரும்பினால், ராணுவம் செய்யவேண்டியதை இரக்கமுள்ள நாலு பேர் செய்துமுடித்ததாகிவிடும்; யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இவர்கள் அத்தோடு நிற்காமல், அனுமதி கிடைக்காதவர்களுக்காக அதிகாரிகளுக்கு எழுதுகிறார்கள், நீதிமன்றம் போகிறார்கள்.

போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு, காசாவிலிருந்து ஜெருசலேம் போகும் அந்தப் பழைய வழியும் அடைபட்டது. காசாவில் புற்றுநோய்க்கென்று இருந்த ஒரே மருத்துவமனை, துருக்கி-பாலஸ்தீன நட்புறவு மருத்துவமனை, அந்த நவம்பரில் எரிபொருள் இல்லாமல் நின்றுபோனது. 2025 மார்ச்சில் இஸ்ரேலிய ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது.

ஆகவே முதல் கோரிக்கை இதுதான்: காசா நோயாளிகள் ஜெருசலேமுக்கும் மேற்குக் கரைக்கும் போகும் வழியைத் திறக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். குழந்தையோடு தாயையோ தகப்பனையோ விடவேண்டும். இந்தக் கோரிக்கைகளில் கையெழுத்திட, மேடைக்குக் கீழே தாள் வைத்திருக்கிறோம்.