காதால் எண்ணும் பறவை

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் பேசுவதற்கென்றே பிறந்த பறவை ஒன்று உண்டு. கண்ணில் படாது, காதில்தான் விழும். பெயர் பிட்டர்ன், கொக்கு இனம், நாணற்காட்டு வாசி. உடம்பெல்லாம் காய்ந்த நாணல் நிறம். ஆள் அரவம் கேட்டால் அலகை வானத்துக்குத் தூக்கி அப்படியே நின்றுவிடும். காற்றில் நாணல் அசைந்தால் தானும் சேர்ந்து அசையும். எதிரிலேயே நின்றாலும் தெரியாது.

ஆனால் குரல் இருக்கிறதே! காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்த 'பூம்'. (செய்து காட்டச் சொல்லாதீர்கள், மைக் தாங்காது.) காற்றில்லாத விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும். கூவுவது ஆண் மட்டும்தான். ஒவ்வொன்றின் குரலும் தனி ரகம். ஒலிப்பதிவை வைத்தே இது நேற்றைய ஆள், இது புது ஆள் என்று பிரித்துவிடுகிறார்கள். கணக்கெடுப்பு முழுக்கக் காதால்தான். 1997இல் பிரிட்டன் முழுவதும் கேட்ட குரல்கள் வெறும் 11.

இத்தனைக்கும் நாணல் அழிந்துவிடவில்லை. பச்சைப்பசேலென்றுதான் நின்றது. சருகு விழுந்து விழுந்து மக்கி, தரை மேடேறி, அடியில் தண்ணீர் வற்றிவிட்டது. பிறகு வில்லோ என்ற மரம் முளைத்தது. பிட்டர்னுக்கு வேண்டியது நாணல் அல்ல, நாணலின் காலடியில் நிற்கும் தண்ணீர். திரும்பவும் சொல்கிறேன்: தண்ணீர், அதில் மீன். குஞ்சு வளர்ப்பதில் ஆண் தலையிடாது. தாய் ஒற்றையாய் இரை தேட வேண்டும், தொலைவு போக முடியாது. கூட்டுக்குப் பக்கத்திலேயே ரட் என்ற நன்னீர் மீனும் விலாங்கும் கிடைத்தாக வேண்டும்.

ஆகவே பறவைப் பாதுகாவலர்கள் மேட்டை வெட்டித் தாழ்த்தினார்கள். நாணலுக்கு நடுவே வாய்க்காலும் குட்டையும் தோண்டினார்கள், மதகு வைத்து நீர்மட்டத்தைப் பிடித்தார்கள். பறவையைக் காப்பாற்ற மண்வெட்டி இயந்திரமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2023 கணக்கில் கூவிய ஆண்கள் 234.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கடலோர நாணற்காடுகளில் கடல்நீர் ஏறினால் நன்னீர் மீன் பிழைக்காது. அதனால்தான் கடலை விட்டுத் தள்ளியும் புது இடங்கள் உருவாக்கினார்கள். சஃபோக்கின் உட்பகுதியிலுள்ள லேக்கன்ஹீத்தில் கேரட் வயல்களை வாங்கி நாணல் நட்டார்கள், தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட்டின் ஹாம் வாலில் கரிமண் (பீட்) வெட்டிய பள்ளங்களில் நீர் நிரப்பினார்கள். இரண்டு இடத்திலும் இப்போது பிட்டர்ன் குஞ்சு பொரிக்கிறது. விலாங்கு குறைந்துவரும் கதையை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.