இறைக்கிற கிணறு: கார்ல் ஃபிரிஸ்டனின் ஆய்வுகளும் மேற்கோள் கணக்கும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் வந்திருந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, ஆய்வு மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நூலகர் அம்மையார் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை முறை சுட்டிக்காட்டுகின்றன என்று எண்ணுவதே மேற்கோள் கணக்கு. அந்தத் துறையையே உலகுக்குத் தந்த யூஜின் கார்ஃபீல்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்தவர். 1955-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் விதை. 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை அச்சாகி வந்தது. ஆகவே இன்றைய தலைப்பு முறைப்படி நூலகர்களுக்கே உரியது. அவர்கள் மேடையில் அமர்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். கார்ல் ஃபிரிஸ்டன் யார், என்ன எழுதினார் என்பது ஒன்று. மேற்கோளை எப்படி எண்ணுகிறார்கள் என்பது இரண்டு. எண்ணுவதில் எங்கே தவறு நுழைகிறது என்பது மூன்று. மூளை தன் கணிப்புக்கும் புலன்கள் தரும் செய்திக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கவே முயல்கிறது என்னும் அவருடைய கட்டற்ற ஆற்றல் கோட்பாடு நான்கு. நான்குக்கும் சேர்த்து நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்.

ஃபிரிஸ்டன் 1959-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், மனநல மருத்துவம் பயின்றவர். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மூளைப் படங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவற்றைப் புள்ளியியல் முறையில் ஆராய ஒரு மென்பொருள் எழுதினார். அதன் பெயர் எஸ்.பி.எம். 1991-இலேயே அதை மற்ற ஆய்வகங்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். மென்பொருள் மட்டுமா? மூல நிரலையும் கொடுத்தார். இன்றும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அது ஓடுவதற்கு வேண்டிய மேட்லாப் என்ற கணித மென்பொருள் விலைக்குரியது என்றாலும், மேட்லாப் உரிமம் இல்லாமல் ஓடும் தனிப் பதிப்பும் இருக்கிறது. கணினிக்குப் பணமில்லாத துறைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மென்பொருள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை இரத்தத்தின் மாற்றத்தைக் கொண்டு காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படமெடுக்கிறது. படத்தின் ஒவ்வொரு துணுக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனசதுரம். அதற்கு வாக்சல் என்று பெயர். படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினாலும் தலை அசையும். எனவே முதல் வேலை, எல்லாப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவைப்பது. மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு எண்களால் அசைவை அளந்து திருத்துகிறார்கள். பிறகு ஒவ்வொருவரின் மூளையையும் ஒரு பொது வார்ப்புக்கு இசைவாக நீட்டியும் சுருக்கியும் கொண்டுவருகிறார்கள். அடுத்து, 8 மில்லிமீட்டர் அளவுக்குப் படத்தை மென்மையாக்குவது வழக்கம். நரம்புச் செயல்பாட்டுக்கு ஐந்தாறு விநாடி கழித்தே இரத்தத்தின் மாற்றம் உச்சத்தைத் தொடும். அந்தத் தாமதத்தையும் சேர்த்து ஒவ்வொரு வாக்சலுக்கும் ஒரே நேரியல் சமன்பாட்டைப் பொருத்துகிறார்கள். கடைசியில்தான் எந்தப் புள்ளி ஒளிர்கிறது என்ற முடிவு வருகிறது.

இந்தச் சமன்பாட்டு முறையை ஃபிரிஸ்டனும் ஹோம்ஸ், வோர்ஸ்லி முதலிய கூட்டாளிகளும் 1990-களின் நடுவில் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2000-இல் ஜான் ஆஷ்பர்னரோடு சேர்ந்து, மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் அளவை வாக்சல் வாரியாக ஒப்பிடும் முறையை விளக்கி எழுதினார். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் 16 பேரின் மூளையில், நினைவுக்கும் வழியறிவுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பின்பகுதி பெரிதாக இருந்ததைக் கண்ட புகழ்பெற்ற ஆய்வு இந்த வகை அளவையைப் பயன்படுத்தியதுதான். 2003-இல் மூளைப் பகுதிகள் ஒன்றை ஒன்று எப்படி இயக்குகின்றன என்று கணிக்கும் முறையையும் வெளியிட்டார். இந்த மூன்றும் கருவிகள். கருவியைப் பயன்படுத்தியவர் ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார். அவருடைய எச்-குறியீடு 200-ஐத் தாண்டியது இப்படித்தான். 2016-இல் செமான்டிக் ஸ்காலர் தேடுதளம் மிகுந்த செல்வாக்குள்ள நரம்பியல் ஆய்வாளர்களை வரிசைப்படுத்தியபோது அவரே முதலிடம் பெற்றார். இறைக்கிற கிணறு ஊறும்!

எச்-குறியீடு என்பது ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 3 மேற்கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு. ஐந்து மேற்கோள் பெற்றவை ஐந்து இல்லை. எனவே அவர் எச்-குறியீடு 4. முதல் கட்டுரைக்கு 10-க்குப் பதில் 10,000 மேற்கோள் வந்திருந்தாலும் அதே 4-தான். குறியீட்டை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே ஆய்வாளர் ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தை முன்னால் போடுகிறார், இன்னொன்றில் பின்னால் போடுகிறார், மூன்றாவதில் தந்தை பெயரை விரித்து எழுதுகிறார். தரவுத்தளம் அவரை மூன்று ஆளாகப் பிரிக்கிறது. ஒரே பெயருள்ள மூவரை ஒரே ஆளாகவும் சேர்த்துவிடுகிறது. 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே மாணவர்கள் அதை வாங்கிவிட வேண்டும்.

மேற்கோளை எண்ணுவதில் மட்டுமல்ல, மூளைப் படத்தின் புள்ளிகளை எண்ணுவதிலும் தவறு நுழையும். அதற்கு ஒரு செத்த மீனின் கதை. இதைச் சொல்லாமல் என்னால் மேடையை விட்டு இறங்க முடியாது.

அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு அட்லாண்டிக் சால்மன் மீனை ஸ்கேன் கருவிக்குள் வைத்தார்கள். நீளம் சுமார் 18 அங்குலம், எடை 3.8 பவுண்டு. ஒன்றே முக்கால் கிலோ மீன் என்று வையுங்கள். மீன் உயிரோடு இல்லை. தலை அசையாதிருக்க மெத்தைத் துண்டுகளும் வைத்தார்கள். பிறகு மனிதர்கள் பழகும் காட்சிகளின் புகைப்படங்களை அந்த மீனுக்குக் காட்டினார்கள். படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று சொல்லும்படி கேட்டார்கள். ஒவ்வொரு படமும் 10 விநாடி, பிறகு 12 விநாடி ஓய்வு. பதினைந்து படங்கள், ஐந்தரை நிமிடம். உயிருள்ள மனிதருக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் முறை தவறாமல் செய்தார்கள். பிறகு எஸ்.பி.எம். மென்பொருளில் தரவை ஏற்றினார்கள். 8,064 வாக்சல்களில் 16 ஒளிர்ந்தன. அவற்றில் ஒரு கொத்து மீனின் மூளைக் குழிக்குள்ளேயே இருந்தது! செத்த மீன் மனித உணர்ச்சியைப் பற்றி யோசித்திருக்கிறது என்றல்லவா படம் சொல்கிறது?

எங்கே பிசகியது? ஒவ்வொரு வாக்சலுக்கும் ஒரு சோதனை. ஆயிரத்தில் ஒன்று தற்செயலாகத் தவறலாம் என்று வரம்பு வைத்தால், எட்டாயிரம் சோதனையில் எட்டு புள்ளி சும்மாவே ஒளிரும். மனித மூளையில் ஒரு லட்சம் வாக்சல் என்றால் நூறு பொய்ப்புள்ளி. பல சோதனைகளுக்கான திருத்தத்தைப் போட்டவுடன் மீன் அடங்கிவிட்டது, ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. திருத்தும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதைப் போடாமல் கட்டுரை எழுதியவர்கள் பலர் இருந்தார்கள். 2009-இல் மாநாட்டில் சுவரொட்டியாக வைக்கப்பட்ட அந்த ஆய்வுக்கு 2012-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு, நோபலைக் கிண்டல் செய்து தரப்படும் பரிசு அது. என் பார்வையில் அந்த மீன் ஆய்வு அசல் நோபலுக்கே தகுதியான உழைப்பு.

மீனை விடப் பெரிய அதிர்ச்சி 2016-இல் வந்தது. எக்லுண்ட், நிக்கல்ஸ், நட்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், எந்த வேலையும் தராமல் ஓய்வுநிலையில் எடுத்த 499 பேரின் மூளைப் படங்களை எடுத்துக்கொண்டு, எஸ்.பி.எம். உள்ளிட்ட மூன்று மென்பொருள்களில் முப்பது லட்சம் குழு ஆய்வுகளை ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து வர வேண்டிய பொய் விடை, ஒளிரும் வாக்சல்கள் அடுத்தடுத்துச் சேர்ந்த கொத்துகளை வைத்து முடிவெடுக்கும் சில அமைப்புகளில் எழுபது வரை போனது. தொடக்க வரம்பை நூற்றில் ஒன்று என்று தளர்த்தி வைத்தபோது நிலைமை மோசம். ஆயிரத்தில் ஒன்று என்று இறுக்கியபோது பெரிதும் சீரடைந்தது. சுமார் 40,000 கட்டுரைகள் ஐயத்துக்குரியவை என்று எழுதிய வரியை ஆசிரியர்களே பின்னர் திருத்திக்கொண்டார்கள். ஃபிரிஸ்டன் தரப்பும் கணக்குப் போட்டுப் பதில் எழுதியது. இத்தனையும் நடக்க முடிந்ததற்குக் காரணம் என்ன? அந்த 499 பேரின் படங்களும் பொதுவில் இருந்தன, மூன்று மென்பொருள்களும் பொதுவில் இருந்தன. பூட்டி வைத்திருந்தால் பிழை இன்றும் உள்ளேயே கிடந்து நாறியிருக்கும்.

கட்டற்ற ஆற்றல் கோட்பாட்டுக்கு நேரமில்லை என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னொரு மாலையில் பேசலாம். எனக்கு இன்று முக்கியம் இது: நம் ஆய்வகங்களில் எடுத்த தரவு ஓய்வுபெற்ற பேராசிரியரின் பழைய கணினியோடு எடைக்குப் போகக் கூடாது.

வழி எளிது. ஸ்கேன் எடுக்கும் முன்பே ஒப்புதல் படிவத்தில், பெயர் நீக்கிய தரவு பொதுவில் பகிரப்படும் என்ற வரியைச் சேருங்கள். பின்னால் சேர்க்க முயன்றால் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும், அறநெறிக் குழுவும் ஒப்பாது. மூளைப் படத்திலிருந்து முகத்தை மீட்டுவிட முடியும் என்பதால், முகப் பகுதியை நீக்கும் நிரலை முதலில் ஓட்டுங்கள். கோப்புகளுக்கு, மூளைப் படத் தரவை ஒழுங்குபடுத்தும் பொது விதிமுறையான பிட்ஸ் முறையில் பெயரிடுங்கள். மூளைப் படங்களை ஓப்பன்நியூரோ என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றலாம். நிரலையும் அட்டவணையையும் செனோடோ என்ற பொது இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால் ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை இலவசம், அந்தப் பதிவுக்கு மாறாத அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணும் கிடைக்கும். அந்த எண் வந்தபிறகு உங்கள் தரவையே மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். ஆக, இறைக்கிற கிணறு ஊறும் என்பது மேற்கோள் கணக்குக்கும் நூறு சதவீதம் பொருந்துகிறது.

துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, பதவி உயர்வுப் படிவத்தில் இப்போது கட்டுரை எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், மேற்கோளுக்கு ஒரு கட்டம், எச்-குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கின்றன. நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும்: தரவும் நிரலும் எங்கே வைக்கப்பட்டுள்ளன, டி.ஓ.ஐ. எண் என்ன. வரைவுத் தீர்மானம் ஒரு பக்கம்தான். ஒரு படியை அவைத் தலைவர் கையில் இப்போதே கொடுக்கிறேன். இன்னொரு படி வாசல் மேசையில் இருக்கிறது. உடன்படுகிற ஆசிரியர்களும் மாணவர்களும் துறையின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.