பழைய சமையல் நூல்களைச் சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

[காட்சி: மேசைமேல் விரித்து வைக்கப்பட்ட ஒரு பழைய சமையல் நூல். ஓரங்கள் பழுப்பேறியிருக்கின்றன, ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை.]

வணக்கம். பழைய நூல்களைத் தேடுவோரில் சமையல் நூல்களைத் தேடுவோரின் பாடு சற்றுக் கடினமானது. கவிதை நூலை வாங்கியவர் அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தார். சமையல் நூலை வாங்கியவரோ அடுப்பருகே விரித்து வைத்து, மாவு ஒட்டிய விரலால் பக்கங்களைப் புரட்டி, தையல் விட்டுப்போகும் வரை பயன்படுத்திவிட்டு, புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார். அதனால்தான் பெரும் புகழ்பெற்ற நூல்களின் முதற்பதிப்புகள்கூட இன்று அரிதாகவே கண்ணில் படுகின்றன.

முதலில் அச்சான படிகளே குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம். இத்தாலியச் சமையலின் அடிப்படை நூலாக இன்று மதிக்கப்படும் பெல்லெக்ரினோ அர்தூசியின் நூல் 1891இல் அவரது சொந்தச் செலவில் வெறும் 1,000 படிகள் அச்சிடப்பட்டது. ஃபேனி ஃபார்மர் 1896இல் தம் பாஸ்டன் சமையற்பள்ளி நூலைக் கொண்டுவந்தபோது, பதிப்பகம் நம்பிக்கை கொள்ளாததால், 3,000 படிகளுக்கான அச்சுச் செலவை அவரே ஏற்றார். இர்மா ரோம்பவர் 1931இல் வெளியிட்ட ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ நூலும் சொந்தப் பணத்தில் அச்சான 3,000 படிகளோடுதான் தொடங்கியது. அதன் மேலுறையில், சமையற்காரர்களின் புனிதராகக் கருதப்படும் மார்த்தா ஒரு டிராகனைக் கொல்வது போன்ற படத்தை அவருடைய மகள் மரியன் வடிவமைத்தார். மெல்லிய காகித மேலுறை சமையலறையில் எத்தனை நாள் தாங்கும்? மேலுறையோடு கிடைக்கும் படிக்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுப்பது இதனால்தான்.

[காட்சி: தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும் அருகருகே.]

நூல் கையில் கிடைத்ததும் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். பதிப்பு வேறு, அச்சு வேறு. உள்ளடக்கம் மாறினால் அது புதிய பதிப்பு. மாறாமல் மறுபடி அச்சிட்டால் அது மறு அச்சு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல்கள் பலவற்றில் பின்பக்கத்தில் எண்கள் ஒரு வரிசையாக இருக்கும். அவற்றுள் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணே பொதுவாக எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். அதற்கு முந்தைய நூல்களில் இந்த வசதி இல்லை. சிலவற்றில் ஆண்டே இருக்காது. அப்போது கடைசிப் பக்கங்களில் உள்ள விளம்பரங்களே துணை. எந்த அடுப்பு, எந்த எரிபொருள், எந்தப் புதிய நூல் விளம்பரப்படுத்தப்படுகிறது என்று பார்த்தால் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

பின்வந்த பதிப்புகளைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் 1861இல் முழு நூலாக வந்தது; அவர் 1865இல், 28 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய பதிப்புகள் பல தலைமுறைகளுக்குத் திருத்தப்பட்டும் பெருக்கப்பட்டும் வந்துகொண்டே இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்ப்பவருக்குச் சமையலறைக் கருவிகளும் அளவுகளும் வீட்டு வேலையின் அமைப்பும் மாறிய விதம் தெளிவாகப் புலப்படும். ‘ஜாய் ஆஃப் குக்கிங்’கின் 1943ஆம் ஆண்டுப் பதிப்பில் போர்க்காலப் பங்கீட்டுக்கேற்ற குறிப்புகள் இருப்பதும் இத்தகைய சான்றே.

[காட்சி: பென்சிலால் எழுதிய ஓரக்குறிப்பு ஒன்று, மிக அருகில்.]

இனி, கறையும் கையெழுத்தும். பிற துறைகளில் ஓரத்தில் எழுதிய நூலின் மதிப்பு பெரும்பாலும் குறையும். சமையல் நூலில் நான் அவற்றையே முதலில் தேடுவேன். “சர்க்கரை பாதி போதும்” என்று அளவுக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தால், அந்தச் சமையல் குறிப்பை ஒருவர் உண்மையில் செய்து பார்த்தார் என்பது உறுதியாகிறது. அச்சிட்ட வரி மட்டும் அந்த உறுதியைத் தருவதில்லை. எந்தப் பக்கத்தில் கறை மிகுதியோ அந்தப் பக்கமே அந்த வீட்டில் அதிகம் சமைக்கப்பட்டது. ஆகவே அழிப்பானால் எதையும் துடைக்காதீர்கள். உள்ளே செருகப்பட்ட செய்தித்தாள் துணுக்குகளை மட்டும் எடுத்து, அவை எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்து, அமிலமற்ற உறையில் தனியே வையுங்கள். மட்டமான தாளின் அமிலம் எதிர்ப்பக்கத்தில் பழுப்பு நிழலாகப் படியும். துருப்பிடிக்கும் குண்டூசியையும் ஜெம் கிளிப்பையும் அகற்றிவிடுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மரக்கூழ்த் தாள் பரவியதால், 1900ஐ ஒட்டிய நூல்கள் பல, அவற்றுக்கு நூறாண்டு மூத்த கந்தல்துணித் தாள் நூல்களைவிட மோசமாக நொறுங்குகின்றன. சமையலறையின் ஆவியும் சூடும் அவற்றுக்கு ஆகாது. ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். பசைக்கும் தாளுக்கும் இராமபாணப் பூச்சி வரும். குளிர்ச்சியான, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையே ஏற்றது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றின் சாயத்தில் ஆர்சனிக் கலந்திருப்பதை அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் ஆய்வு செய்து பதிவு செய்துவருகிறது. அத்தகைய நூலைக் கையுறை அணிந்து தொட்டு, மூடிய பையில் உணவிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதேபோல், பழைய நூல்களில் உள்ள புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் முறைகளைச் செய்து பார்க்க வேண்டாம். அந்த நேர அளவுகள் பொட்டுலிசம் என்னும் நச்சுணவு நோயைத் தடுக்கப் போதாமல் போகலாம்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. முதலில் உதிர்பவை தலைப்புப் பக்கமும் இறுதி அட்டவணையும்தான். பல நூலகங்கள் பழைய சமையல் நூல்களை மின்வடிவில் இணையத்தில் வைத்துள்ளன. அதே பதிப்பைத் திறந்து, பக்க எண்களையும் படத்தாள்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபின் விலையைப் பேசுங்கள்.