கையெழுத்து மட்டும் போதாது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் பலமா, முட்டுக்கட்டையா? பலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "அதிகாரிகள் வருடக்கணக்கில் பேசி முடித்ததை உறுப்பினர்கள் கெடுத்துவிடுவார்கள்" என்றார். கெடுத்தார்களா, பார்ப்போம்.

அமெரிக்காவும் மெக்சிகோவும் கனடாவும் 2018 நவம்பரில் ஒரு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரிமருந்துகளின் ஆய்வுத் தரவுகளுக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பாதுகாப்பு தரும் ஒரு பிரிவு அதில் இருந்தது. அதாவது, அத்தனை காலமும் மலிவான போட்டி மருந்து வரத் தடை. நோயாளியின் வயிற்றில் அடிக்கும் இந்தப் பிரிவு பேச்சுவார்த்தை மேசையைத் தாண்டி வந்துவிட்டது, ஐயா! அதை மறித்தது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை. 2019 டிசம்பர் 10 அன்று மூன்று நாடுகளும் மறுபடி உட்கார்ந்து திருத்தத்தில் கையெழுத்திட்டன. அந்தப் பிரிவு போனது. மெக்சிகோ ஆலைகளில் தொழிற்சங்க உரிமை மறுக்கப்பட்டால் விரைந்து விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. அப்புறம் வாக்கெடுப்பு: 385-க்கு 41. இதே மூன்று நாடுகளின் முந்தைய ஒப்பந்தமான நாஃப்டா 1993-இல் அதே சபையில் எத்தனை வாக்கு பெற்றது? 234-க்கு 200. தட்டுத்தடுமாறித்தான் தேறியது.

"ஆளுக்கொரு திருத்தம் கேட்டால் முடிவே வராதே" என்கிறார்கள். சரி, நியாயமான கவலை. அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த, 2021-இல் காலாவதியான முறைப்படி, பேச்சு நடக்கும்போதே அவையைக் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் திருத்தம் இல்லாமல் ஆம், இல்லை என்று மட்டும் வாக்கு.

தென்கொரிய நாடாளுமன்றத்தில் 2011-இல் ஓர் உறுப்பினர் கண்ணீர்ப்புகை வீசியதையும் எதிரணி சொன்னது. அது தவறு, மறுக்கவில்லை. ஆனால் அன்று ஆளுங்கட்சி அவையைத் திடீரெனக் கூட்டி அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தை நிறைவேற்றப் பார்த்தது. அங்கே விவாதம் குறைந்ததுதான் சிக்கல், நடுவர் அவர்களே, கூடியது அல்ல.

பெல்ஜியத்தின் வலோனியா பிராந்திய நாடாளுமன்றம் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் செய்யவிருந்த ஒப்பந்தத்தைத் தடுத்தது. முதலீட்டாளர்கள் அரசுகள்மீது வழக்குப் போடும் தீர்ப்பாயம் சட்டப்படி சரியா என்று கேட்டது. கையெழுத்து சில நாள்தான் தள்ளிப்போனது. அந்தக் கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2019-இல் "சரிதான்" என்ற பதிலோடு திரும்பியது. அந்தச் சில நாள் தாமதத்தையா முட்டுக்கட்டை என்கிறீர்கள்?