ரெஸ்யூம்ல நீங்க எங்கப்பா இருக்கீங்க? (காரைக்குடி காலேஜ் பசங்ககிட்ட பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிற தம்பிங்க முன்னாடி வந்து உக்காருங்க, சேர் காலியாத்தான் கெடக்கு.

நீங்க குடுத்த ரெஸ்யூம் கட்டை நேத்து ராத்திரி படிச்சேன். முக்காவாசி ஒரே ஆளு எழுதுன மாதிரி இருக்கு. மேல, சவாலான சூழல்ல திறமைய வளத்து நிறுவனத்தோட வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்னு ஒரு பாரா, கீழ, மேற்கண்டதெல்லாம் உண்மைன்னு ஒரு உறுதிமொழி, நடுவுல அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, ஹாபின்னா பாட்டு கேக்குறது. சீனியர்கிட்ட வாங்கி பேர மட்டும் மாத்துறது. ஒரு தம்பி மெயில் ஐடிய மாத்தவே இல்ல, இன்டர்வியூவுக்கு சீனியரத்தான் கூப்பிடுவாங்க போல!

2018ல லேடர்ஸ்னு ஒரு அமெரிக்க வேலைவாய்ப்பு கம்பெனி, ஆளெடுக்குறவங்க கண்ணு பேப்பர்ல எங்க எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்தாங்க. மொத பார்வைக்கு சராசரியா 7.4 செகண்ட். அதுல பாதிய அந்த சவாலான சூழலே தின்னுருச்சுன்னா உங்களுக்கு என்ன மிச்சம்?

நம்ம ஊரு ஆளுங்க பர்மாவுக்கும் மலேயாவுக்கும் செட்டியாருங்க வட்டிக்கடையில வேலைக்குப் போனாங்கள்ல, பெட்டியடிப் பையனா, அதாவது கடைசி எடுபிடியா போயி, அடுத்தாளாகி, கடையவே நடத்துற மேலாளானவங்க எத்தன பேரு. ஒரு தவணை வேலைக்குக் கணக்குன்னு பேரு, மூணு வருஷக் கணக்குக்கு சம்பளச்சீட்டுன்னு ஒப்பந்தம் எழுதித்தான் அனுப்புவாங்க. அந்த முதலாளி, நீ கடின உழைப்பாளியான்னா கேட்டிருப்பாரு? போன கணக்குல எந்தக் கடையில இருந்த, என்ன பாத்தன்னுதான கேட்டிருப்பாரு. இன்னைக்கும் கேக்குறது அதேதான்.

ஒரு பி.காம் பொண்ணு, அனுபவம் இல்லைன்னு போட்டிருந்துச்சு. காலையில கூப்பிட்டுக் கேட்டேன், லீவுல என்னம்மா பண்ணுவன்னு. அப்பா கடையில டாலி சாப்ட்வேர்ல கணக்கு போடுவேன் சார், மாசாமாசம் ஜிஎஸ்டிக்கு பில்லெல்லாம் பிரிச்சு ஆடிட்டருக்கு அனுப்புறதும் நான்தான்னு சொல்லுது. அடப்பாவமே, இதுக்குப் பேரு என்ன? கடை பேரு, எந்த வருஷத்துலேர்ந்து, மாசத்துக்கு எத்தன பில்லு, 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1ங்கிற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன் போற மாதிரி கணக்கு தயார் பண்றது, இத ரெண்டு வரியில எழுதுன்னேன். அப்பா கடைய எப்படி சார் கம்பெனின்னு போடுறதுன்னு கேக்குது. போர்டு இருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, வேற என்ன வேணும்?

இன்னொரு தம்பி சிவில், ஆத்தங்குடில மாமா பட்டறையில தரைக்குப் போடுற பூ டைல்ஸ் கல்லு செஞ்சவரு. கண்ணாடி மேல சட்டம் வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணித்தொட்டியில ஊறப்போட்டு எடுக்குற வரைக்கும் தெரியும். ரெஸ்யூம்ல அது ஒரு வரி இல்ல, கட்டுமானப் பொருட்கள் பற்றிய அறிவுன்னு போட்டிருக்காரு. சிக்ரியில, அதான் நம்ம ஊரு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துல, ப்ராஜெக்ட் பண்ணுன பொண்ணு அத ஹாபிக்குக் கீழ போட்டிருக்கு! வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் குடுத்து 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுன எடம்மா அது, மேல ஏத்து.

எண்ணிக்கை போடுங்க, ஆனா உள்ளதவிடக் கூட்டிப் போடாதீங்க. 300 பில்லுன்னு போட்டா எப்படிப் பிரிச்சன்னு கண்டிப்பா கேப்பாங்க.

அப்புறம் பெரிய கம்பெனிங்கள்ல பல எடத்துல மொதல்ல படிக்கிறது மனுசன் இல்ல, சாப்ட்வேரு. பக்கத்த ரெண்டு பத்தியா பிரிக்கிறது, டேபிள், ஸ்கில்லுக்கு அஞ்சு ஸ்டார்ல நாலுன்னு கலர் அடிக்கிறது, இதெல்லாம் அதுக்கு கொழம்பிப் போகலாம், அந்த நாலு ஸ்டார் எனக்கே புரியல. வெளம்பரத்துல ஆட்டோகேட்னு கேட்டிருந்து உங்களுக்கு அது தெரியும்னா அதே வார்த்தையப் போடுங்க, டிசைன் சாப்ட்வேர்னு பொத்தாம்பொதுவா விடாதீங்க. தெரியாதத வெள்ளைக் கலர்ல ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் யூடியூப்ல சொல்றாங்க, வேண்டாம்ப்பா, சாப்ட்வேர் எழுத்த மட்டும் உருவிக் காட்டுறப்ப எல்லாம் பல்ல இளிச்சிரும்.

புதுசா வேலை தேடுறவங்களுக்கு ஒரு பக்கம் போதும். வேர்டுல கேக்கலேன்னா பிடிஎஃப், ஃபைலுக்கு உங்க பேரு. துபாய்ப் பக்கம் அனுப்புறவங்க போட்டோவும் விசா விவரமும் போடுறது அங்க பழக்கம், இங்க கேட்டா மட்டும் போடுங்க. சம்பளம் எவ்வளவு வேணும்னு நீங்களா எழுதாதீங்க, அவங்க கேக்கும்போது பேசிக்கலாம்.

சரி, அந்த மஞ்சச் சட்டை தம்பி ரொம்ப நேரமா கையத் தூக்கிட்டே இருக்காரு, அரியர் இருந்தா என்ன பண்றதுன்னுதான கேக்கப் போறீங்க? கேளுங்க.